பத்து மழைக்காலங்களின் சராசரி

சனிக்கிழமை காலை தையற்கடையில் கூடியவர்கள் நான்கு பேர். வெட்டுமேசையின் தலைமாட்டில், தையல் மெஷினுக்கு முதுகைக் காட்டியபடி, கடைக்காரியான அக்கா. அவளுக்கு எதிரே, வாடிக்கையாளர்களுக்கென்று இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் தம்பி. அதை மனைவிக்கு விட்டுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வருவதற்குள், அவள் துணிமூட்டை ஒன்றை இழுத்துப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே. யார் பக்கமும் சாயாமல் இருக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. மூலையில் தலையில்லாத பொம்மை ஒன்று, ஒற்றைக் கை மட்டும் தைத்த கோட்டோடு நின்றது. அதையும் சேர்த்தால் ஐந்து பேர். ஆனால் அதற்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை.

கையெழுத்துதான் அன்றைய விவகாரம். குடைக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா விட்டுப்போன எண்ணூறு பங்குகள் அக்கா, தம்பி இருவர் பெயரிலும் கூட்டாக இருந்தன. கம்பெனியின் பெரிய முதலாளிகள், சில்லறைப் பங்குகளையெல்லாம் வளைத்துப் போடும் முடிவோடு கடிதம் எழுதியிருந்தார்கள். பங்குக்கு முந்நூறு ரூபாய். கொடுத்தால் எண்ணூறையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும், வருகிற வெள்ளிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். பாதியை விற்றுப் பாதியை வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

அக்காவுக்கு விற்றாக வேண்டும். இந்தக் கடை அறையின் சொந்தக்காரர் அறையை விற்கப்போகிறார். முதல் உரிமை உனக்குத்தான் என்று சொல்லியும்விட்டார். மாதக் கடைசிக்குள் முன்பணம் வராவிட்டால் பக்கத்து செல்போன் கடைக்காரர் சுவரை இடித்து இதையும் சேர்த்துக்கொள்வார். விற்றால் அவள் பாதிக்கு வரும் பணம் முன்பணத்துக்குச் சரியாக இருந்தது.

தம்பி அசைவதாக இல்லை. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி அவன். கையில் போனைத் திறந்தால் பங்குச் சந்தைதான். வீட்டில் அவனுக்கு ‘மார்க்கெட்’ என்றே பெயர்.

“அக்கா, போன வருஷம் ஒரு பங்குக்கு முப்பது லாபம் காட்டியிருக்கான். இவன் தர்றது முந்நூறு. வெறும் பத்து மடங்கு! போட்ட காசு பத்தே வருஷத்துல லாபமா திரும்பிரும். இவ்வளவு மலிவா யாராவது தூக்கிக் குடுப்பாங்களா? அவனுங்க என்ன தர்மத்துக்கா வாங்க வர்றாங்க?”

“போன வருஷம் எப்படிடா மழை?”

“கொட்டித் தீத்துச்சு.”

“அதான். விருந்து சாப்பிட்டுட்டு நேரா வர்றவன் இடுப்ப அளந்து பேண்ட் தெச்சுக் குடுத்தா, மறுநாள் அவன் கதி என்ன?”

“அதுக்குத்தான் எலாஸ்டிக் கண்டுபிடிச்சிருக்கான்.”

வாசற்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்து, அக்கா திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாறியது.

அக்கா எதையும் சும்மா வாயால் சொல்லி விடுகிறவள் அல்ல. துணியைக் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை அளந்து, கோடு போட்டு, கோட்டைத் தடவிப் பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பாள். கம்பெனி ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கைகளை, அளவுத் தாள்கள் வைக்கும் இழுப்பறையில் வரிசையாக வைத்திருந்தாள். அவற்றிலிருந்து பங்கு ஒன்றுக்கான பத்து வருட இலாபத்தை எடுத்து, பழுப்புத் தாளில் துணிச் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதி, மேசையில் விரித்திருந்தாள். ஆறு, எட்டு, அப்புறம் மழையே பெய்யாத ஒரு வருடம் இரண்டு நஷ்டம், பத்து, ஏழு, பன்னிரண்டு, மூன்று, ஒன்பது, பதினேழு, கடைசியாக முப்பது.

“இதுதான்டா கம்பெனியோட நெசமான இடுப்பு. ஒரு வருஷம் ஊதும், ஒரு வருஷம் ஒட்டும். பத்தையும் கூட்டிப் பத்தால வகுத்தா வருஷத்துக்குப் பத்துதான் நிக்குது. முந்நூறுங்கறது முப்பது மடங்கு. மலிவாம் மலிவு!”

தம்பி தாளை எட்டிப் பார்த்தான். “பத்து வருஷத்துக்கு முந்தின ஆறும் இன்னிக்கு ஆறும் ஒண்ணாக்கா? அப்ப ஆறுல வாங்கினத இன்னிக்கு ஆறுல வாங்க முடியுமா?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் அதையும் படித்திருந்தாள்: பழைய இலாபங்களை அப்படியே கூட்டக்கூடாது, ஒவ்வொன்றையும் இன்றைய விலைவாசிக்கு மாற்றிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் இரண்டாவது கணக்கு தயாராக இருந்தது.

“அதையும் போட்டாச்சு. மொத ரெண்டு வருஷத்து லாபம் மட்டும் கொஞ்சம் ஏறுது. ஆறு ஏழரையாச்சு, எட்டு பத்தாச்சு. அதுக்கப்புறம் மாத்தமே இல்ல. அப்படிப் பாத்தாலும் இருபத்தொம்பது மடங்கு.”

துணிமூட்டை மேல் இருந்த தம்பி மனைவி முதல்முறையாக நிமிர்ந்தாள். போக்குவரத்துக் கழகத்தில் சம்பளப் பிரிவு எழுத்தர் அவள். அதுவரை நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவள் கேட்டாள்: “அண்ணி, எட்டு வருஷமா விலைவாசி ஏறவே இல்லியா? இது எந்த நாட்டுல? சொன்னீங்கன்னா நாளைக்கே குடிபோயிடலாம்.”

“அப்படித்தானே வருது.”

“எத வெச்சு மாத்துனீங்க?”

அக்கா கொஞ்சம் தயங்கினாள். “என் தையல் கூலிய வெச்சுத்தான். எனக்குப் பத்து வருஷமா தேதியோட தெரிஞ்ச விலை அது ஒண்ணுதான். பேண்ட்டுக்கு எம்பது வாங்கிட்டிருந்தேன், ரெண்டு வருஷம் கழிச்சு நூறாக்கினேன். அதுலேர்ந்து நூறுதான்.”

தம்பி மனைவி சிரித்த சிரிப்பில் மூட்டை சரிந்து அவளும் சரிந்தாள்.

“ஐயோ அண்ணி! நீங்க கூச்சப்பட்டுக் கூலி ஏத்தாம இருந்தா, ஊரு உலகத்துல விலையே ஏறலன்னு அர்த்தமா? நூலு என்ன விலை விக்குது? பட்டன் என்ன விலை?”

“நூலு... ஏறித்தான் போச்சு.”

“எப்படித் தாயே ஏத்துவா?” என்றார் வாசற்படி. “வர்றவங்க எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. ரேட்ட மாத்தி எழுதுன போர்டு ஒண்ணு வருஷக்கணக்கா பீரோவுக்குப் பின்னாடி கெடக்கு. மாட்டச் சொன்னா, அடுத்த மாசம் அடுத்த மாசம்பா.”

“நீங்க யாரு பக்கம்?” என்றாள் அக்கா.

“நான் படிக்கட்டுப் பக்கம்.”

தம்பி மனைவி போனை எடுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி கணக்குப் போடுவது அவள் வேலை. அரசாங்கம் வெளியிடும் விலைவாசிக் குறியீடு வருடவாரியாக அவளிடம் இருந்தது. “முதல் வருஷத்து லாபத்த ரெண்டால பெருக்குங்க அண்ணி. ரெண்டாவது, ஒண்ணு புள்ளி ஒம்போது. மூணாவதுல நஷ்டம்தானே, அதையும் விடாதீங்க, ஒண்ணு புள்ளி எட்டு...” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அக்கா சாக்பீஸைக் கூராக்கிக்கொண்டு எழுதினாள். ஆறு பன்னிரண்டாயிற்று. எட்டு பதினைந்துக்கு மேல் போயிற்று. எண்கள் ஒவ்வொன்றாக வீங்கிக்கொண்டே போயின. பாதிக் கணக்கிலேயே திசை தெரிந்துவிட்டது. சராசரி ஏறினால் மடங்கு குறையும். மடங்கு குறைந்தால் முந்நூறு அவ்வளவு நல்ல விலை இல்லை என்று ஆகும். தன் வாயாலேயே தம்பியின் கட்சியை எடுத்துக் கொடுத்த மாதிரி.

முந்தைய கணக்கே போதும், இதெல்லாம் எதற்கு என்று தாளை மடித்துவிடலாம்தான். தம்பி மனைவியும் வற்புறுத்துகிறவள் அல்ல. அக்காவின் கண் ஒருமுறை சுவரைத் தொட்டு வந்தது. அதற்கு அந்தப் பக்கம் செல்போன் கடையில் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தது. ஆனால் அளவு தப்பு என்று தெரிந்த பிறகும் கத்தரி வைப்பது அவள் கைக்கு வராது. கடைசி வரை பெருக்கினாள், கூட்டினாள், வகுத்தாள். இன்னொரு முறை கூட்டிச் சரிபார்த்தாள்.

“பதிமூணு வருது,” என்றாள். இருபத்தொன்பதை உள்ளங்கையால் அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினாள். “முந்நூறு, இருபத்துமூணு மடங்குதான். நான் சொன்னது தப்பு. மொதல்ல சொன்ன முப்பதும் தப்பு.”

தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்தான். இன்று வரும்போதே அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தான்: அக்காவுக்குக் கடை வேண்டும், அதற்காக எண்ணை எப்படி வேண்டுமானாலும் வளைப்பாள். வளைக்க வேண்டிய இடத்தில் அவளே நிமிர்த்திவிட்டாள். அவன் தாளைத் தன் பக்கம் இழுத்து, போனில் எல்லாவற்றையும் மறுபடி தட்டிப் பார்த்தான். அவனுக்கும் பதின்மூன்றுதான் வந்தது.

“ஏன்க்கா, அழிச்சிருக்க வேண்டாம்ல? எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“எனக்குத் தெரியுமேடா.”

“சரி. நான் சொன்னது பத்து மடங்கு. நீ சொன்னது முப்பது. இப்ப இருபத்துமூணு.” வாய்க்குள் முனகிக்கொண்டான். “இந்த விலைக்கு வாங்குறவனுக்குப் போட்ட காசு லாபமா திரும்ப இருபத்துமூணு வருஷம் ஆகும். அப்ப நான் நெனச்ச மாதிரி மலிவு இல்லதான்.” சட்டென்று தலையைத் தூக்கினான். “அடுத்த வருஷமும் இதே மாதிரி கொட்டினா?”

“கொட்டினா நாம ஏமாந்தவங்கதான். இந்தக் கணக்கு மழையச் சொல்லாதுடா. கம்பெனி நல்லதும் கெட்டதுமா சேந்து எவ்வளவு சம்பாதிக்கும்னு மட்டும்தான் சொல்லும். வித்தப்புறம் மழைய பாத்து என்னைத் திட்டுறதா இருந்தா இப்பவே வேண்டாம்னு சொல்லிடு. நான் கடைக்கு வேற வழி பாக்கறேன்.”

“என்ன வழி?”

அக்கா மேசையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கையால் கூட்டித் தள்ளினாள். வேறு வழி இல்லை என்பது அவனுக்கும் தெரிந்தது. பொம்மையின் ஒற்றைக் கையைப் பார்த்துவிட்டு, “பேனா குடு,” என்றான்.

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“நீ பேனாவ குடுக்கா. மனசு மாறிடப் போகுது.”

“உங்க பாதிய என்ன பண்ணப் போறீங்க?” என்றாள் அவன் மனைவி.

“வேற ஏதாவது நல்ல பங்கா பாத்து...”

“பாங்க்ல.”

“பாங்க்லதான், வேறெங்க,” என்றான் தம்பி.

சம்மதக் கடிதத்தை அக்கா இரண்டு நாளைக்கு முன்பே எழுதி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த முறை மாறாமல் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. முதலில் அவள் கையெழுத்திட்டாள். தம்பி தன்னுடையதைப் போட்டான். கடைசி எழுத்தின் வாலை வழக்கத்தைவிட நீளமாக இழுத்தான். அக்கா கடிதத்தோடு பங்குப் பத்திரங்களையும் மடிக்காமல் உறைக்குள் வைத்து, அதன் வாயில் பசை தடவி, இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைத்து அழுத்தினாள்.

“ஒட்டினது போதும். பெட்டி சூடாயிருந்தா எண்ணூறும் சாம்பல்,” என்று வாசற்படி எழுந்து வண்டிச் சாவியைத் தேடியது. “தபாலாபீஸ் மூடுறதுக்குள்ள ஏறு.”

கிளம்புமுன் தம்பி மனைவி தாளில் வேறொரு பெருக்கலும் போட்டுக் காட்டினாள். எட்டு வருடத்துக்கு முந்தைய நூறு, இன்றைக்கு நூற்றெண்பது. “இது பேண்ட்டுக்கு அண்ணி. குடைக்கு இல்ல.”

தபால் அலுவலகத்தில் கூட்டமில்லை. பதிவுத்தபால் ஜன்னலில் இருந்தவர் பழைய வாடிக்கையாளர். உறையை எடை போட்டுக்கொண்டே, “என்னம்மா, என் பேண்ட் ரெண்டும் தயாரா? திங்கக்கெழம வர்றேன். வழக்கம்போல நூறுதானே ஒண்ணுக்கு?” என்று கேட்டார்.

அக்காவின் வாயில் ‘ஆமாங்க’ வந்து நின்றது. பக்கத்தில் நின்ற கணவர் சுவரிலிருந்த அஞ்சல் கட்டணப் பட்டியலை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“அந்த ரெண்டுக்கும் நூறுதாங்க, பேசினது பேசினதுதான். அடுத்ததுலேர்ந்து நூத்தியெம்பது.”

முத்திரைக் கட்டை அந்தரத்தில் நின்றது. இந்த மனிதர் கோபத்தில் கடிதத்தைக் கிடப்பில் போட்டுவிடுவாரோ என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“ஒரு வழியா ஏத்திட்டீங்களா! இன்னும் நூறே வாங்குறாங்கன்னா இந்தம்மா கடைய மூடப் போகுதோன்னு என் வீட்ல பயந்துட்டே இருந்தாங்க.”

“மூடலங்க,” என்றாள் அக்கா. “வாங்கப் போறோம்.”

கட்டை உறைமேல் ‘டொப்’பென்று விழுந்தது. அவர் ரசீதைக் கிழித்து நீட்டிவிட்டு, கடிதத்தைப் பின்னாலிருந்த பைக்குள் போட்டார்.