சித்தூர் சபை ஓட்டத்தில் என் மனைவி கடைசியாக வந்தது

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் மனைவியின் பிடிவாதம்தான் காரணம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வளைவில் என்ன நடந்தது என்று அவள் சொல்லியிருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப்போகிறேன்?

நகரியில் பவர்லூம் வைத்துக்கொண்டு, தறி ஓடாத நேரத்தில் கதை எழுதுகிறவன் நான். பெயர் தாமோதரன். மனைவி ஜெயசீலி, சித்தூர் மிஷன் சபைப் பெண். இந்து வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளுடைய அக்கா லோயிஸ் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து வருஷமாகப் பேச்சும் இல்லை.

கதையின் முதல் வாக்கியம்: "1977-ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று, மாலைச் சூரியன் சித்தூர் மலைகளின் மீது தன் பொன்னிறக் கதிர்களை..." (வேண்டாம். சூரியனை யார் பார்த்தார்கள்? எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.)

2

ஆயுத பூஜை லீவில் அந்தச் சபை ஓர் ஓட்டம் நடத்தும். கிழவர், குழந்தை, நர்ஸ், வாத்தியார் என எல்லோரும் ஓடுவார்கள். முடியாதவர்கள் நடப்பார்கள். பரிசு கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு: கடைசிக்கு முந்தின ஆள் சபையின் கேட்டுக்கு வெளியே நின்று, கடைசி ஆளைக் கைபிடித்து உள்ளே அழைத்து வர வேண்டும். அதுவரை யாருக்கும் சோறு கிடையாது.

(இதை நான் கட்டிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் எப்போதோ பெரிய எழுத்தாளனாகியிருப்பேன்.)

லோயிஸுக்கு முழங்கால் வலி. வருஷாவருஷம் கடைசிக்குப் பக்கத்தில்தான் வருவாள். அது ஜெயசீலிக்குத் தெரியும். அன்று காலை தறிகளுக்கு நான் பொட்டு வைத்து முடித்ததும், "சித்தூருக்குப் போலாங்க, நானும் ஓடணும்" என்றாள்.

3

இங்கே ஒரு சிக்கல். ஜெயசீலி பள்ளிக்கூடத்தில் ஓடிக் கோப்பை வாங்கியவள். அவள் கடைசியாக வந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? "பாதி வழியில் அவளுக்குச் சுளுக்குப் பிடித்தது" என்று எழுதினேன். பின்னால் நின்று படித்தவள் சிரித்துவிட்டாள்.

"சுளுக்கா? இன்னா கதை உடறீங்க! வேணும்னே மெதுவா போனேன்னு எழுதுங்க. அக்கா கையப் புடிக்கணும்னு ஆசை. இதுல இன்னா வெக்கம்?"

எழுதிவிட்டேன். ஆனால் லோயிஸும் லேசுப்பட்டவள் அல்ல. தங்கை பின்னால் வருவதைப் பார்த்ததும், முந்திப் போகட்டும் என்று ஆஸ்பத்திரி வளைவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தங்கையும் நின்றுவிட்டாள். இதுவரை ஜெயசீலி சொன்னது. இதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். மற்ற எல்லோரும் வந்தாயிற்று. பந்தி கவனிக்கும் ஆர்தர், சீக்கிரம் வரச் சொல்லித் தெலுங்கும் தமிழுமாகத் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"த்வரகா ரண்டம்மா! கொழம்பு ஆறிக்கினு கீது, புள்ளைங்க துன்னாம உக்காந்துக்கினு கீதுங்க!"

அப்புறம் லோயிஸ் வளைவைத் தாண்டி வந்தாள், நாலடி பின்னால் ஜெயசீலி. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் லோயிஸ் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அதற்குள் பசித்த கூட்டம் ஓடிப்போய் இருவரையும் சூழ்ந்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. சே! ஜெயசீலி அந்தக் கையைப் பிடித்தாளா இல்லையா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

4

முடிவு ஒன்று: லோயிஸ் அழுதுகொண்டே தங்கையைக் கட்டிக்கொள்கிறாள்.

"அக்காவா? அம்மா செத்தப்பவே அழுவல" என்றாள் ஜெயசீலி.

முடிவு இரண்டு: லோயிஸ் கடமைக்குக் கையைப் பிடித்து, கேட்டைத் தாண்டியதும் விட்டுவிடுகிறாள்.

"ம்ஹூம்."

முடிவு மூன்று: லோயிஸ் மனமிரங்கித் தங்கையை மன்னித்து...

ஜெயசீலி பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்துலயும் அக்கா இன்னா பண்ணாங்கன்னே எழுதிக்கினு கீறீங்க. அவங்க மன்னிக்க நான் இன்னாங்க தப்பு பண்ணேன்? கல்யாணத்தன்னிக்கு வாசலையே பாத்துக்கினு நின்னவ நானு. நான் மன்னிச்சனான்னு ஒரு தரமாவது கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லைதான். அவளுக்கு ஆசை இருந்தது தெரியும்; கோபமும் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

5

மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்:

லோயிஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஜெயசீலி இன்னும் பிடிக்கவில்லை. கேட்டருகே எல்லோருக்கும் பசி. உங்களுக்கும் முடிவு தெரிய வேண்டும். பிடிப்பதும் விடுவதும் ஜெயசீலியின் பாடு. வாசகரே, யாரும் அவளை அவசரப்படுத்த வேண்டாம். லோயிஸ் கொஞ்சம் நிற்கட்டும்.