ரத்தம் கொடுத்தவர்

ஜெகநாதன் எதற்கும் பயப்படாதவர் என்று ஆரணியில் அந்தத் தெருவே சொல்லும். தெரு சொல்ல மறந்தால் அவரே சொல்லிவிடுவார். ஆள் ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைச்சல். அவர் தறியில் உட்கார்ந்து பேசினால் தெருமுனைக் கடைக்காரர் பதில் சொல்லுவார், அப்படி ஒரு குரல். ஒரு தடவை தறிக்குழிக்குள் பாம்பு புகுந்தபோது ஆளாளுக்குக் கம்பைத் தேட, இவர் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார். இப்பேர்ப்பட்ட மனுஷன் உலகத்தில் ஒரே ஒரு சாமானுக்குத்தான் பயந்தார். டாக்டர்கள் கையில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றி, ரப்பர் உருண்டையைப் புஸ்புஸ்ஸென்று அமுக்குகிறார்களே, அந்தப் பிரஷர் பார்க்கிற கருவிக்கு.

சிரிக்காதீர்கள், அதற்குக் காரணம் இருந்தது. எழுபத்தொன்றாம் வருஷம் அவருடைய அப்பா தசரதன், கால் வீங்குகிறது என்று டாக்டரிடம் போனார். டாக்டர் பட்டியைச் சுற்றினார், பாதரசம் ஏறியதைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ கொதிப்ப வெச்சிகினு எப்படிய்யா நடமாடிகினு இருந்த?" என்று கேட்டார். அதுவரை நடமாடிக்கொண்டிருந்தவர், அந்த வாரமே தறியில் உட்கார்ந்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. கருவி வியாதியைக் கண்டுபிடித்ததே தவிர உண்டாக்கவில்லை என்பது ஜெகநாதனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பட்டி இறுக ஆரம்பித்தால் தெரிந்தது எல்லாம் காற்றில் போய்விடும், நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். அதனால் பதினொரு வருஷமாக டாக்டர் வாசலையே மிதிக்காமல் ஓட்டினார். காய்ச்சல் வந்தால் கஷாயம், கை வலித்தால் தைலம். "எனக்கு இன்னா கேடு? கல்லாட்டம் கீறேன்" என்பார்.

எண்பத்திரண்டு மாசி மாதம் அவர் மனைவி பொன்னம்மாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். சொந்தக்காரர் யாராவது ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்க வேண்டுமாம். விரலில் குத்திப் பார்த்ததில் ஜெகநாதனின் ரத்தம் பொருந்தியது. ஊசிக்கெல்லாம் அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஊருக்கு வந்ததும், "எம் பொண்டாட்டிக்கு நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்?" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்தார். ரத்தம் எடுக்கும் முன்னால் பிரஷர் பார்ப்பார்கள் என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் பொன்னம்மாளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது தலையைத் திருப்பி, "நீங்க ரத்தம் குடுக்கறீங்க இல்ல, எனக்குப் பயமே இல்லீங்க" என்றாள். இவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனார். அங்கே இருந்த ஊழியர் வீரபாகு, சட்டைக் கையை மேலே ஏற்றச் சொல்லிவிட்டு மேசைக்கடியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார்.

"இது எதுக்குங்க? ரத்தம்தான எடுக்கப் போறீங்க?"

"பிரஷர் பாக்காம எடுக்க மாட்டம். ஒரு நிமிஷ வேல."

பட்டி இறுகியது. ஜெகநாதனுக்கு அப்பாவின் கோணிப்போன வாய் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. காதுக்குள் நெல் அரைக்கிற மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம்.

"நூத்தியெம்பது. மாத்திர எதுனா சாப்புடறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் கெடையாதுங்க."

"பயப்படறீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து பெஞ்சில் ரத்தம் கொடுக்க ஒரு சின்னப் பெண் கையை நீட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் இந்த ஆறடி ஆள் எப்படிச் சொல்வது? "பயமா? எனக்கா?" என்று சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே சகிக்கவில்லை.

வெளியே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னார் வீரபாகு. ஜெகநாதன் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தார். குழாயில் முகத்தைக் கழுவினார். மூச்சை இழுத்து இழுத்து விட்டார். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிவதாக நினைத்து எண்ணினார், இருநூறு வரை எண்ணினார். நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. தைரியமாக உள்ளே போய்க் கையை நீட்டினார். பட்டி தோலில் பட்டதுதான் தாமதம், எண்ணின இழை அத்தனையும் போயிற்று.

"நூத்தித் தொண்ணூத்தாறு. இன்னாங்க, ஏறிகினே போவுது? இன்னொரு தபா பாப்பம், எறங்கலன்னா வேற ஆள இட்டுகினு வாங்க. எதுவா இருந்தாலும் ஜல்தி சொல்லுங்க, உள்ள ரெடியா கீறாங்க."

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேங்க" என்றார் ஜெகநாதன்.

அப்படியே நடந்தார். கக்கூஸைத் தாண்டினார், வராந்தாவைத் தாண்டினார், கேட்டையும் தாண்டினார். நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தார், சாமி சத்தியமாக நினைத்தார். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் கால் நின்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கட்டினவளை மேசைமேல் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேனே, நானும் ஒரு மனுஷனா என்றும் சொல்லிக்கொண்டார். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியே இரண்டு மணி நேரம் போயிற்று.

திரும்பி வந்தபோது ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே பொன்னம்மாளின் தம்பி லோகநாதன் உட்கார்ந்திருந்தான். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன், அக்காவைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறி வந்தவன். இடது முழங்கையை மடக்கி வைத்திருந்தான், மடிப்பில் பஞ்சு தெரிந்தது. யார் ரத்தம் கொடுத்தது என்று ஜெகநாதன் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எங்க மாமா போயிட்டீங்க?"

"டீ குடிக்கப் போனேன்."

"சரி மாமா" என்றான் லோகநாதன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஜெகநாதனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பொன்னம்மாள் கண் விழித்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "நீங்கதான குடுத்தீங்க?" என்று கேட்டாள். கதவோரம் லோகநாதன் நின்றுகொண்டிருந்தான். ஜெகநாதன் அவனைப் பார்க்காமல், "ஆமா" என்றார். லோகநாதன் சுருட்டி விட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிக்கொண்டு மெதுவாக வெளியே போனான்.

பத்தாம் நாள் ஆரணிக்குத் திரும்பினார்கள். அன்றிலிருந்து ஆரம்பித்தது ஜெகநாதனுக்குப் பெரிய பேஜார். ரத்தம் கொடுத்த உடம்பு என்று தெருவே உபசாரம் செய்தது. எதிர்வீட்டுப் பச்சையம்மாள் ஈரல் வறுத்துக் கொண்டுவந்தாள். இன்னொரு வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டை வந்தது. வயிற்றில் தையலோடு படுத்திருந்த பொன்னம்மாள், பால் கொண்டுவந்தவளிடம், "மொதல்ல அவருக்கு ஊத்துமா. மிச்சம் இருந்தா எனக்குக் குடு" என்றாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அவர் எல்லாவற்றையும் தின்றார். பொன்னம்மாள் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட, தலையைக் குனிந்துகொண்டு தின்றார். வெட்கத்தில் எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. இறக்கினார்.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுப் பாவை நீட்ட வேண்டியிருந்தது. பாவு என்பது சேலைக்கு நீளவாட்டில் போகிற பட்டு இழைகள். தெரு நீளத்துக்கும் அதைப் பிரித்து இழுத்துப் பிடித்து, ஒட்டின இழைகளை நீவி விடுவார்கள். பத்துப் பேர் கை வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு மற்ற வீட்டுக்காரர்கள் கை கொடுப்பார்கள், கூலி கிடையாது. ஆனால் பாவின் தலைப்பக்கத்தை அந்த வீட்டுக்காரன்தான் பிடிக்க வேண்டும். அவன் செத்துக் கிடந்தாலொழிய வேறு ஆள் பிடிப்பதில்லை.

அன்று ஜெகநாதனைப் பிடிக்க விடவில்லை. அடுத்த வீட்டு ரங்கசாமி ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து தெருவில் போட்டு, "ரத்தம் குடுத்த கை. நீ ஒக்காருய்யா, நாங்க பாத்துக்கறோம்" என்று அழுத்தி உட்கார வைத்தார். அக்காவைப் பார்க்க வந்திருந்த லோகநாதன் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். நல்ல தெம்புள்ள ஜெகநாதன் நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் தன் பாவை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது முடியும், எழுந்து உள்ளே ஓடலாம் என்றிருந்தது.

பாவு நன்றாக விறைத்து நின்ற நேரத்தில் ரங்கசாமிக்கு நாக்கு அரித்தது.

"இன்னாடா லோகு, நீ அக்காவுக்கு ஒரு பாட்டில் குடுத்திருக்கக் கூடாதா? மூட்ட தூக்கற ஒடம்பு. ஊசின்னா பயமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். லோகநாதனும் கீழே பார்த்துச் சிரித்தான்.

"மாமனப் பாத்துக் கத்துக்கடா. ஆம்பள!"

லோகநாதன் அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஜெகநாதனுக்குத் தெரிந்த சிரிப்பு. ஆஸ்பத்திரியில் வீரபாகு எதிரில் அவர் சிரித்தாரே, அதே சகிக்காத சிரிப்பு. தன் பயத்தை இந்தப் பையன் தலையில் சுமக்கிறானே என்று அவருக்கு உடம்பு கூசியது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ரங்கசாமி, அவன ஒண்ணும் சொல்லாத. ரத்தம் குடுத்தது அவன்தான்."

"இன்னாய்யா சொல்ற?"

"நான் குடுக்கல. பிரஷர் பாக்கறதுக்குப் பயந்துகினு ஓடிட்டேன். பஸ் ஸ்டாண்டுல போயி ஒக்காந்துகினேன்."

எப்போதும் தெருமுனை வரை போகிற குரல் அன்று பக்கத்து ஆளுக்குத்தான் கேட்டது. ஆனால் அதற்குள் தெருவே அமைதியாகிவிட்டதால் எல்லோர் காதிலும் விழுந்தது. பிடித்த பாவை விடக் கூடாது, விட்டால் இழையெல்லாம் சிக்கிக்கொள்ளும். அதனால் யாரும் கிட்டே வரவும் முடியவில்லை, விலகிப் போகவும் முடியவில்லை. பத்துப் பேரும் பட்டைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "விடு மாமா, இன்னாத்துக்கு இப்ப" என்று லோகநாதன் முணுமுணுத்தான்.

பொன்னம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியவில்லை.

"ஓடிப்போன ஆளு நீங்களா?" என்று கேட்டாள்.

அவர் குனிந்தபடியே தலையாட்டினார்.

"என்னயும் இன்னொருத்தியயும் மேசமேல படுக்க வெச்சிட்டு வேலைய நிறுத்திட்டாங்க. ரத்தம் குடுக்க வந்த ஆளு ஓடிட்டான், தேடிகினு கீறாங்கன்னு ஒரு நர்சம்மா சொல்லிச்சி. நீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்கு அடுத்தாப்ல தேசூர்க்காரி ஒருத்தி படுத்திருந்தா, காத்தாயின்னு பேரு. நான்தான் அவகிட்ட சொன்னேன், ஓடினது ஒம் புருஷனாத்தான் இருக்கும்னு." பொன்னம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "அவ அழுதா. எம் புருஷனாட்டம் எல்லாருக்கும் அமையுமாடி, அழாதன்னு கையப் புடிச்சிகினு சொன்னேங்க."

இவ்வளவு சொல்லிவிட்டு அவள் அழவில்லை, திட்டவில்லை. "அவ நம்பிட்டா. அவகிட்ட யாரு போயி சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். ஜெகநாதன் பின்னாலேயே ஒரு அடி வைத்தார். அவள் கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பியும் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

தேசூரில் காத்தாயி வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. அவள் புருஷன் தணிகாசலம் வாசலில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். குச்சி மாதிரி ஒல்லியான ஆள். வேலூர் ஆஸ்பத்திரி என்றதும் எழுந்து நின்றான்.

"ஒங்க சம்சாரத்துக்கு ரத்தம் யாருங்க குடுத்தது?" என்று கேட்டார் ஜெகநாதன்.

"நான்தாங்க. ஏங்க கேக்கறீங்க?" அவன் வீட்டுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவ நம்ப மாட்டேங்கறாங்க. நான் ஓடிட்டேனாம். கையில இருந்த பஞ்சக் காட்டினேன், பஞ்ச எவன் வேணா ஒட்டிக்குவான்றா. பன்னெண்டு நாளா எங்கூடப் பேசலீங்க."

ஜெகநாதன் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மாவ வெளிய கூப்புடுங்க. நான் இன்னார்னு சொல்லணும்."