நீலக் கதவு வீட்டுக்கு வழி

ஐயாவு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றபோது நான் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் எனக்கு அதுதான் வேலை. வார இறுதிகளில் மட்டும் எனக்கு நானே பதவி உயர்வு கொடுத்துக்கொள்வேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் சிலைடு பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், பள்ளிச் சுவர்களில் சனிக்கோளைக் காட்டி, 'நீங்களும் விஞ்ஞானி ஆகலாம்' என்று பிள்ளைகளிடம் முழங்கும் ராக்கெட் சார். முழங்குகிறவன் திங்கட்கிழமை காலை குழாய் கழுவுவான் என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

"சனிக்கிழம லோரி வருது சார்," என்றார் ஐயாவு. தொப்பியைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "தோட்டத்த வித்தாச்சு. லயத்துல எல்லாரும் போய்ட்டாங்க. எங்க வீடு மட்டும்தான் பாக்கி. ஈப்போவுல வீடும் கெடச்சிருச்சு. வீரம்மா கெளம்ப மாட்டேங்குறா."

"ஏன் அண்ணே?"

"பையன் வந்தா வீடு தெரியாம அலைவானாம்."

ஐயாவுக்கும் அவர் மனைவி வீரம்மாவுக்கும் ஒரே பையனான சன்னாசி, ஈயம் தோண்டிய பழைய குட்டையில் மூழ்கிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

"பதில் வரும்னு நீங்கதான சார் அவகிட்ட சொன்னீங்க. நீங்க போட்ட முடிச்சு. நீங்களே வந்து அவுத்துட்டுப் போங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு நான் முதலில் போனது எழுபத்தெட்டில். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் விண்கலங்களைப் பற்றிப் பேசினேன். மனிதர்களின் குரல்களை ஒரு தங்கத் தட்டில் பதிந்து அதில் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஐந்தாம் வகுப்புச் சன்னாசி கையைத் தூக்கினான். "சார், அங்க உள்ளவங்களுக்கு நம்ம வீடு எங்கன்னு எப்படித் தெரியும்?" தட்டின் உறையில் விலாசம் பொறித்திருக்கிறார்கள், எந்தெந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று, எனச் சொன்னேன். அந்த விலாச விஷயம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன், ஒரு வெள்ளை நாய் அவனுடைய இடது பக்கத்தில் ஒட்டி நடந்தது. நாலு அடிக்கு ஒருதரம் தலையைத் திருப்பி அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தது. மறுவாரமே நாய்க்கு ராக்கெட் என்று பெயர் வைத்துவிட்டான். அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் யாராவது "ராக்கெட்!" என்று கூப்பிட்டால் நாங்கள் இருவரும் திரும்புவோம். பெரும்பாலும் நாய்தான் முதலில் போய்ச் சேரும்.

தோட்டத்திலிருந்து சாலைக்குப் போக இரண்டு வழி. குட்டையோரமாகக் குறுக்குப் பாதை ஒன்று, ரப்பர்ப் பால்மரங்களைச் சுற்றிக்கொண்டு போகும் செம்மண் சாலை ஒன்று. சன்னாசி ஒரு மத்தியானம் குறுக்குப் பாதையில் போனான். கரையில் நாய் மட்டும் உட்கார்ந்திருந்ததாம்.

மறு வருடம் ஒரு பத்திரிகையில் அந்தத் தங்கத் தட்டின் மொழிப் பட்டியலைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து மொழிகள். தமிழ் இல்லை. தெலுங்கு இருந்தது. எங்கள் பள்ளி பியூன் அப்பளசாமி பாகான் டத்தோவிலிருந்து வந்த தெலுங்குக்காரர். தகவல் தெரிந்ததிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை. "நாங்க முன்னாடி போறோம் மச்சான். போயி ஒங்களுக்கும் எடம் போட்டு வைக்கிறோம்லா." ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தமிழ் வணக்கங்களை நானே பதிந்து அமெரிக்காவுக்கு அனுப்புவதாகச் சபதம் செய்து, ஒரு டேப் ரெக்கார்டரோடு தோட்டங்களுக்குக் கிளம்பினேன்.

அண்டவெளிக்கு என் மக்கள் சொன்ன சேதிகளை நான் திருத்தவில்லை. "சாப்டீங்களா?" என்று பதினேழு பேர் கேட்டார்கள். "இங்க ஒரே மழ. நாலு நாளா பால் வெட்டு இல்ல," என்றார் ஒருவர். "எங்க ஆபீஸ் கிராணிய அங்க கூட்டிக்குங்க, புண்ணியமாப் போகும்," என்றது வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல். கடைசியாக வீரம்மா வந்து உட்கார்ந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சன்னாசி, அம்மா பேசுறேன்யா. ராக்கெட்டு நல்லா சாப்புடுது. ஒன் சட்டைய யாருக்கும் குடுக்கல. வீடு அதே வீடுதான்."

எனக்கு நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. தெரியும், விரல் போகவில்லை. டேப் சும்மா சுற்றியது. எல்லோருக்கும் செய்தது போல அவருக்கும் போட்டுக் காட்டினேன். பேச்சு முடிந்து இரைச்சல் ஓடியபோது தலையை ஆட்டி "சரிப்பா" என்றார். என்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"பதில் வருமா சார்?"

"வரும்கா. தூரம் ஜாஸ்தி, கொஞ்சம் லேட்டாகும்."

வாய்க்கு வந்த ஒரு தமாஷ். அந்தக் கேசட் அமெரிக்காவுக்குப் போகவில்லை. என் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இரண்டு வருடம் கிடந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் போனேன். கதவுகளையும் பலகைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் வீடுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நல்ல வெயில். பால்மரத்துக் காய்கள் வெடித்து, கொட்டைகள் சீங்குத் தகரக் கூரைகளில் டக், டக் என்று விழுந்தன. ஆளில்லாத ஒவ்வொரு வீட்டையும் யாரோ தட்டிக் கூப்பிடுவது போலிருந்தது. காய் வெடிப்பதற்கான காரணத்தை எனக்கு நானே முழுசாக விளக்கிக்கொண்டே நடந்தேன்.

வீட்டு முன்னால் லோரி சாமான்களோடு நின்றது. ஐயாவு நாயைக் கயிறு போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கினார். அது பெஞ்சுக்கு அடியில் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பையன் போன நாளிலிருந்து அதுதான் அதற்கு இடமாம். பெஞ்சில் வீரம்மா.

"அக்கா, நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்," என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அறிவியல் விளக்கம் ஒன்றும் வாயில் வரவில்லை. "டேப்ப எங்கயும் அனுப்பல. என் அலமாரியிலதான் இருந்துச்சு. பதில் வராதுக்கா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அனுப்பலன்னா அன்னைக்கே எப்படி சார் பதில் வந்துச்சு?"

"எப்ப?"

"நீங்க போட்டுக் காட்டுனப்போ. நான் பேசி முடிச்சதும் அவன் பேசுனான்ல. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க?"

ஐயாவு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையோடு கொண்டுபோன ரெக்கார்டரில் அந்தக் கேசட்டைப் போட்டேன், ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகத்தான். சட்டை, அதே வீடு, அப்புறம் வெறும் இரைச்சல். வீரம்மா காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் சிரித்தார். இன்னும் கொஞ்சம் போனதும் "சரிப்பா" என்றார். இதற்குத்தான் நாம் அறிவியல் படித்திருக்கிறோம் என்று மறுபடியும் ஓட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தெட்டாவது விநாடியில் சிரிப்பு. ஒரு நிமிடம் பத்தில் "சரிப்பா". மூன்றாவது முறை ரெக்கார்டரை அவர் பார்க்க முடியாதபடி திருப்பி வைத்தேன். நாற்பத்தெட்டு. ஒன்று பத்து. அந்த முறை இன்னொன்றையும் கவனித்தேன். அவர் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்பாகவே பெஞ்சுக்கு அடியில் நாயின் வால் தரையைத் தட்டியது.

அவருக்குத் தெரியாமல் வேறொரு கேசட்டை மாற்றினேன். ஒன்றும் பதியாத புதுசு. ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "இது வெறும் டேப்பு சார், பேட்டரிய வீணாக்காதீங்க," என்றார். நாய் அசையவில்லை.

லோரிக்காரச் சீனர் ஹாரன் அடித்தார். ஐயாவு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்க்க வந்தவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அப்போது அந்தப் பையன் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, புது வீட்டு விலாசத்த அவனுக்குச் சொல்லிட்டா?"

வீரம்மா நிமிர்ந்தார். "சொல்லலாமா சார்? நீங்களே சொல்லுங்க. எனக்கு ஈப்போ தெரியாது."

அவருடைய பேச்சு இருந்த கேசட்டையே போட்டேன். "சரிப்பா"வையும் தாண்டி ஓடவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினேன். இருபத்தொன்பது வயது, அறிவியல் பரப்புகிறவன், பட்டப்பகலில். ஐயாவு சொல்லியிருந்த வீட்டு அடையாளங்களை நினைவுபடுத்திக்கொண்டேன்.

"சன்னாசி, நான் ராக்கெட் சார் பேசுறேன். வீடு மாறிப் போறாங்க. நல்லாக் கேட்டுக்க. ஈப்போ பஸ் ஸ்டேசன்ல எறங்கி, ஆத்துப் பாலத்தத் தாண்டி..."

"தண்ணி கிட்டப் போவாதன்னு சொல்லுங்க சார்."

"தண்ணி கிட்டப் போவாத. பாலத்து நடுவுலயே வா. அப்புறம் பாசாருக்குப் பின்னால மஞ்சக் கட்டடம். மொத மாடி, மூணாவது வீடு. நீலக் கதவு."

"நாயையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. எங்ககூட வரமாட்டேங்குது."

"ராக்கெட்டையும் கூட்டிக்கிட்டு வா," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அந்நியமாக இருந்தது.

வீரம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து நாயின் தலையைத் தடவினார். பிறகு யாரும் சொல்லாமலே போய் லோரியின் முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஐயாவு என் கையைப் பிடித்தார், விட்டார், பின்னால் சாமான்களுக்கு நடுவே ஏறிக்கொண்டார். லோரி செம்மண் சாலையில் தூசி கிளப்பிப் போய் மறைந்தது.

பதிந்தால் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். பெஞ்சில் உட்கார்ந்து போட்டேன். என் குரல் சரியாக விழுந்திருந்தது. பாலம், பாசார், நீலக் கதவு, ராக்கெட்டையும் கூட்டிக்கிட்டு வா. பிறகு இரைச்சல். கூரையில் ஒரு கொட்டை விழுந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நாய் எழுந்தது. உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்தது. படியிறங்கி, லோரி போன திசையில் நடந்தது. ஓடவில்லை. லோரியைத் துரத்துகிற நாய் ஓடும். இது பாதையின் இடது பக்கமாக, நிதானமாக, தனக்கும் பாதையின் நடுவுக்கும் இடையே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நடந்தது. நாலு அடிக்கு ஒருதரம் தலையைத் திருப்பி அண்ணாந்து பார்த்தது.

லயம் முடிகிற இடத்தில் பாதை பிரியும். குட்டைப் பக்கம்தான் குறுக்குவழி, அதன் கால்களுக்குப் பழகிய வழி. நாய் அங்கே நின்றது. ஒருதரம் அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது. பிறகு திரும்பி, சுற்றிக்கொண்டு போகும் செம்மண் சாலையில் நடக்கத் தொடங்கியது. என் மடியில் டேப் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.