கருநாக்குக்காரி

மேலே ஓட்டுக்கூரை, நடுவில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதன் வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுகிறது, இரண்டு பக்கமும் புதுப்பலகை வாசனை, நான் மல்லாந்து படுத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறேன், விளிம்புக்கு மேல் அப்பாவின் முகம் எட்டிப் பார்க்கிறது, காதில் பென்சில், மீசையில் மரத்தூள், ஏட்டி, தோளு இடிக்கா என்கிறார், இடிக்கலப்பா, தாராளமா இருக்கு என்கிறேன், எனக்கு எட்டு வயது, சந்தைத் தெருவில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்த சூசைமரியானின் மகள் நான், மற்ற பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இருந்தது, எனக்குப் பெட்டி இருந்தது, இதில் பாவப்பட என்ன இருக்கிறதென்று அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

கடைக்கு ஒரே சட்டம்தான், வருகிறவரை வாங்க என்று சொல்லக் கூடாது, போகிறவரிடம் போயிட்டு வாங்க என்று சொல்லவே கூடாது, சாவு வீட்டில் எப்படியோ அப்படித்தான் எங்கள் கடையிலும், யாராவது படியேறினால் அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார், அவர்கள் இறந்தவரின் உயரத்துக்கு வெட்டிய நூலை நீட்டுவார்கள், அதைப் பலகையில் வைத்துப் பார்ப்பார், பேச்சே இருக்காது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அன்றைக்கு வந்தது என் வகுப்பு டீச்சர் பிலோமினா, அவருடைய மாமனார் இறந்திருந்தார், அழுத முகத்தோடு அவர் படியிறங்கினார், வகுப்பில் டீச்சர் வெளியே போகும்போது எழுந்து நின்று வழியனுப்பிப் பழகியவள் நான், படுத்திருந்த பெட்டிக்குள்ளிருந்து சட்டென்று எழுந்து நின்று, போயிட்டு வாங்க டீச்சர், என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டேன். டீச்சர் படியிலேயே நின்றுவிட்டார், அப்பா கண்ணை மூடிக்கொண்டார், பதினெட்டாம் நாள் அதே டீச்சர் மாமியாருக்காக நூலோடு வந்து நின்றார், அந்த அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது, மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை, அதை ஒருவரும் பேசவில்லை, என் நாக்கைத்தான் பேசினார்கள்.

கருநாக்குக்காரி, அந்தப் பெயர் ஒரே நாளில் தெரு முழுக்கப் பரவியது, பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியானது, அம்மா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து என் நாக்கில் தெளித்தாள், வாய மூடிட்டுக் கெட, நாளைக்கு ஒன்ன எவன் கட்டுவான் என்று அழுதாள், நான் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன், எல்லார் நாக்கையும் போல் அதுவும் சிவப்பாகத்தான் இருக்கிறது, சரி, நீங்கள் பயந்தால் பயப்படுங்கள் என்று எனக்கும் வீம்பு வந்துவிட்டது, என் கொய்யாக்காயைப் பிடுங்கிய ரெஜினாளிடம், போயிட்டு வான்னு சொல்லிருவேன் என்றேன், அவள் கொய்யாவோடு தன் கடலைமிட்டாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஓடினாள். ஆனால் வீட்டுக்கு வந்தால் பயம் எனக்குத்தான், அப்பா பலகை வாங்கச் சைக்கிளை எடுத்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வேன், ஒரு நாள் காலையில் அதைப் பார்த்துவிட்டார், சைக்கிளை நடுத்தெருவில் நிறுத்தினார், ஏட்டி, வெளிய வா, எனக்குச் சொல்லு என்றார், மாட்டேன் என்று அழுதேன், அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார், எம் மவ சொன்னா திரும்பி வந்துருவாங்கன்னுதான சொல்லுதீய, அப்ப நல்லதுதான, நானும் திரும்பி வந்துருவம்லா, சொல்லுட்டி, பாப்பம். போயிட்டு வாங்கப்பா, என்றேன், பாதி அழுகைதான் வந்தது, சாயங்காலம் வரைக்கும் நான் வாசற்படியை விட்டு நகரவில்லை, சாப்பிடவில்லை, விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையிலிருந்து சைக்கிள் மணி, விடாமல் அடித்துக்கொண்டே வந்தார், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கூடுதலாக ஒன்று, அன்றிலிருந்து தினமும் நான் சொன்னேன், தினமும் அவர் மணியடித்துக்கொண்டு வந்தார், எனக்குக் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் எங்காவது கிளம்பினால் போனில் கூப்பிடுவார், சொல்லுட்டி என்பார்.

போன திங்கட்கிழமை அவர் எங்கும் கிளம்பவில்லை, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை, நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இதோ அதே கடை, அதே கண்ணாடி ஓடு, வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது, அவர் கையால் செய்த பெட்டி, மீசையிலிருந்த மரத்தூளை யாரோ துடைத்துவிட்டிருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை, மூடி போட ஆட்கள் காத்திருக்கிறார்கள், தெரு முழுக்க வாசலில் நிற்கிறது, பிலோமினா டீச்சர்கூடத் தடியை ஊன்றிக்கொண்டு வந்திருக்கிறார், நான் விளிம்புக்கு மேல் குனிந்து, தோளு இடிக்காப்பா என்று கேட்கிறேன், அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள், இன்னைக்காவது பேசாம இருட்டி என்கிறாள், நான் நிமிர்ந்து, அவர் அன்று நடுத்தெருவில் போட்ட அதே சத்தத்தில், போயிட்டு வாங்கப்பா என்கிறேன். கூட்டம் ஓரடி பின்னால் போனது, யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள், என் நாக்கில் ஒன்றுமில்லை என்று முப்பது வருஷமாக இந்தத் தெருவோடு மல்லுக்கட்டியவள் நான், அந்த ஒரு நிமிஷம் மட்டும் நான் தோற்றுப்போக வேண்டும், இவர்கள் சொன்னதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, இன்னும் சத்தமாக, இன்னொரு தடவை சொன்னேன்.