வெள்ளை வண்டிக்கு ஒரு ஃபில்டர்

ராம்குமார் அதற்கு முன் இரண்டு முறை பெண் பார்க்கப் போயிருந்தான். இரண்டு இடத்திலும் பஜ்ஜி நன்றாக இருந்தது. பெண்ணின் குரலைத்தான் கேட்க முடியவில்லை. காபித் தட்டு வரும், போகும். பெரியவர்கள் மழையைப் பற்றியும் பட்டாசு ஆர்டர் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். திரும்பி வரும்போது காரில் வைத்து, "பிடிச்சிருக்காலே?" என்று அம்மா பேச்சியம்மாள் கேட்பாள். "ஒரு வார்த்தை பேசாத பிள்ளையை எப்படிம்மா பிடிக்கும்?" என்பான் அவன்.

அதனால், அடுத்து விருதுநகரில் ஓர் இடம் அமைந்து ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவானதும், அவன் மனசுக்குள் ஒரு திட்டம் போட்டான். பெண்ணின் பெயர் கீர்த்திகா. மதுரை ரோட்டில் அவள் அப்பா காமராஜ், கார் ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்தார். அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மகள்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாளாம். "பொம்பளப் பிள்ளை கடையில உக்காந்து நட்டும் போல்ட்டும் விக்கிதாம்" என்று அவன் அத்தை உதட்டைப் பிதுக்கினாள். ராம்குமாருக்கு அந்தச் செய்திதான் இனித்தது. கடையில் இருக்கிற பெண் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? ஒரு வாடிக்கையாளராகப் போய் நின்றால் போதும்.

தை மாதம். காலண்டர் சீசன் முடிந்து, அவன் வேலை பார்த்த திருத்தங்கல் ப்ரெஸ்ஸில் மெஷின்கள் ஓய்ந்திருந்த நேரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு சொல்வது சுலபமாக இருந்தது. அம்மாவிடம் ப்ரெஸ் வேலையாக விருதுநகர் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக் காரை எடுத்தான். சின்ன டீசல் கார். கல்யாணம், கோவில், ஆஸ்பத்திரி என்று ஓட்டியிருக்கிறானே தவிர, அதன் பானெட்டை ஒருநாளும் அவன் திறந்து பார்த்ததில்லை. கடையில் என்ன கேட்பது? போனில் தேடியபோது, ஆயில் மாற்றும்போதெல்லாம் ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அது போதும். ஆமத்தூர் தாண்டும்வரை, "ஒரு ஆயில் ஃபில்டர் வேணும், ஒரு ஆயில் ஃபில்டர் வேணும்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கடையில் கூட்டம் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால், நீலச் சுடிதாரில், காதில் பேனாவைச் செருகிக்கொண்டு கீர்த்திகா நின்றாள். தரகர் காட்டிய போட்டோ ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது. அதில் பத்துப் பேருக்கு நடுவில் ஒரு புள்ளியாக இருந்தாள். நேரில் பார்க்க வேறு மாதிரி இருந்தாள். அதைவிட, பேசிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பிரேக் ஷூ ரெண்டு சைடும் சேத்துத்தான் மாத்தணும். ஒத்தையா தர மாட்டேன். அந்த அண்ணனுக்கு ஃபேன் பெல்ட் எடுத்துத் தாரேன், இங்கன தள்ளி நில்லுங்கண்ணே."

வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். ராம்குமார் வரிசையில் ஓர் அடி பின்வாங்கினான். தன்னையும் ஒரு தரம் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு வந்து உட்காருவது?

அவன் முறை வந்தது.

"என்ன வேணும்?"

"ஆயில் ஃபில்டர்."

"எந்த வண்டிக்கு?"

"அந்தா நிக்கிதே, வெள்ளை வண்டி."

"வெள்ளைங்கது எனக்கும் தெரியுது. என்ன வருஷம்?"

ராம்குமார் வெளியே ஓடி ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்து காட்டினான். அவள் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளோ என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது.

"இந்த வருஷத்துல இன்ஜின் ரெண்டு விதமா வந்திருக்கு. ஒண்ணுக்கு டப்பா மாதிரி ஃபில்டர், முழுசா முறுக்கி மாட்டணும். இன்னொண்ணுக்கு உள்ள இருக்க பேப்பரை மட்டும் மாத்தணும். உங்களுது எது?"

"பாத்ததில்லையே."

"அப்ப பழசைக் கழட்டிக் கொண்டாங்க. பக்கத்துச் சந்துல ராஜபாண்டியன் அண்ணன் ஷெட் இருக்கு. நான் அனுப்புனேன்னு சொல்லுங்க."

அண்ணே என்று சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே அவன் சந்துக்குள் காரைத் திருப்பினான். ராஜபாண்டியன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றினார். உதவிக்கு நிற்கிறேன் என்று அடியில் எட்டிப் பார்த்த ராம்குமாரின் வெளிர்மஞ்சள் சட்டையில் கறுப்பு ஆயில் சொட்டியது.

"எம்புட்டு நாளாச்சு தம்பி இதை மாத்தி? காய்ச்சுன கசாயம் மாதிரி இருக்கு" என்றார் ராஜபாண்டியன்.

பழைய ஃபில்டரைத் தாளில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவன் கடைக்குத் திரும்பினான். கூட்டம் கலைந்திருந்தது. கீர்த்திகா அவன் சட்டையைப் பார்த்தாள். ஒரு பழந்துணியை நீட்டினாள். பிறகு மூன்று பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மூணும் இதுக்குச் சேரும். எது வேணும்?"

ராம்குமார் தயங்காமல் மூன்றாவதை எடுத்தான். சிவப்பும் தங்கமுமாக, தீ பறக்கிற படம் போட்ட பெட்டி.

"ஏன் அது?"

"பெட்டி நல்லா இருக்கு."

"பெட்டியையா இன்ஜின்ல மாட்டப் போறீக?" அவள் இந்த முறை சிரித்தே விட்டாள். பெட்டியைத் திறந்து ஃபில்டரைக் கவிழ்த்து, நடுத்துளையைச் சுற்றியிருந்த சிறிய ஓட்டைகளைக் காட்டினாள். "இந்த ஓட்டைக்குள்ள ஒரு ரப்பர் தெரியணும். வண்டியை நிறுத்துனதும் ஆயில் பூராவும் கீழ இறங்கிராமப் பிடிச்சு வைக்கும். இதுல இருக்க ரப்பர் அம்புட்டு நல்லா இல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு சத்தம் வரும். இந்தா, இது கம்பெனி ஃபில்டர். பெட்டி சாதாரணமா இருக்கும், உள்ள சரக்கு இருக்கும்."

அவன் அந்தச் சாதாரணப் பெட்டியை வாங்கிப் பார்த்தான். பார்த்ததும் பழக்க தோஷத்தில் கை சட்டைப் பைக்குள் போனது. ப்ரெஸ்ஸில் கலர் சரிபார்க்க எப்போதும் வைத்திருக்கிற சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தான்.

"இதே ஃபில்டர் வேற பெட்டி இருக்கா?"

அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே இடத்துல அடிச்சது இல்ல. நீங்க முதல்ல கொடுத்ததுல எழுத்து ஓரத்துல நீலம் தனியா வழியுது பாருங்க. நாலு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காரல. பெரிய கம்பெனி இப்படி ஒரு பெட்டியை வெளிய விடாது. எங்க ப்ரெஸ்ல இதை அடிச்சா முதலாளி அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிருவாரு."

கீர்த்திகா கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் விளையாட்டு இல்லை.

"இது போன வாரம் ஒரு புது ஏஜென்ட் இறக்குன லோடு. இறக்குனப்பவே லேசா இருக்கேன்னு நெனச்சேன், பெட்டியைப் பாத்து நம்பிட்டேன்."

ரம்பத்தை எடுத்தாள். கல்லாவுக்கு அடியில் இருந்த இரும்புப் பிடியில் ஃபில்டரை இறுக்கி அறுக்க ஆரம்பித்தாள். பாதியில் ராம்குமார் வாங்கிக்கொண்டான். ஒன்று முடிந்ததும் மேல்தட்டில் இருந்ததையும் அறுத்தார்கள். இரண்டின் வயிற்றையும் திறந்து வைத்தபோது பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. மேல்தட்டு ஃபில்டருக்குள் பேப்பர் புடவைக் கொசுவம் மாதிரி நெருக்கமாக மடிந்திருந்தது. புது லோடில் வந்ததற்குள் நாலைந்து மடிப்பு, அதுவும் பசை விட்டுப் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"அடப்பாவி" என்றாள் கீர்த்திகா. உடனே போனை எடுத்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டாள். "உங்க சரக்கை அறுத்து வச்சிருக்கேன். ஒண்ணுகூட விக்கல, அது உங்க நல்ல நேரம். சாயங்காலத்துக்குள்ள வந்து பூராத்தையும் அள்ளிட்டுப் போங்க. இல்லன்னா கம்பெனிக்கே போட்டோ அனுப்புவேன்." அந்தப் பக்கம் ஏதோ குழைந்தார்கள். அவள் குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கேட்க வந்த குரலை ராம்குமார் காதாரக் கேட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு காமராஜ் உள்ளே வந்தார். அறுத்துப் போட்ட ஃபில்டர்களைப் பார்த்தார். ஆயில் சட்டையோடு ரம்பம் பிடித்து நின்றவனைப் பார்த்தார்.

"தம்பியை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

ராம்குமார் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கீர்த்திகா பேனாவைக் கீழே போட்டுவிட்டு அதை எடுப்பதற்காகக் கல்லாவுக்கு அடியில் குனிந்தாள். அங்கிருந்தே குரல் வந்தது: "கஸ்டமர்ப்பா. ஃபில்டர் வாங்க வந்திருக்காக."

"அப்படியா, வாங்கிட்டுப் போங்க தம்பி" என்றபடி அவர் உள்ளறைக்குப் படுக்கப் போனார். அவர் தலை மறைந்த பிறகுதான் அவள் எழுந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்திருந்தது.

"என்னாச்சு?" என்றான் ராம்குமார்.

"உங்க போட்டோ புதன்கிழமையே எங்க வீட்டுக்கு வந்திருச்சு. நல்லாத் தெளிவா இருந்துச்சு."

அவனுக்குக் காது வரை சூடேறியது. "அப்ப... நான் உள்ள வந்தப்பவே..."

"வண்டியை விட்டு இறங்குனப்பவே. கடையில வர்ற அத்தனை பேரையும் அண்ணேன்னு கூப்பிட்டேனே, உங்களை ஒரு தடவையாச்சும் கூப்பிட்டேனா?"

ராம்குமார் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும், உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்காமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் நேராகவே கேட்டாள். "நான் கடையை விட மாட்டேன். முன்னாடி வந்தவுக அதைத்தான் முதல்ல கேட்டாக. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி இதைச் சொல்ல முடியாது. அதான் இப்பவே சொல்லுதேன்."

"கடையில நீங்க பேசுறதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதை விடச் சொல்லுவேனா? திருத்தங்கல்ல இருந்து தினமும் வந்துட்டுப் போகலாம். கார் இருக்கே."

"காரை நீங்க வச்சிருக்க லட்சணத்துக்கு பஸ்ஸே மேல்" என்று சொல்லி, மேல்தட்டிலிருந்து இன்னொரு நல்ல ஃபில்டரையும் ஒரு கேன் புது ஆயிலையும் எடுத்து அவன் கையில் வைத்தாள். "ரப்பர் வளையத்துல புது ஆயிலைத் தடவிட்டு மாட்டுங்க. கையால முறுக்குனா போதும், ஸ்பேனர் போடாதீக."

ஷெட்டில் ராஜபாண்டியன் கை நீட்டியபோது, "நானே மாட்டுறேன்" என்றான் ராம்குமார். அவர் வியப்போடு ஒதுங்கி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காமராஜ் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பேச்சியம்மாள் பட்டுப்புடவையில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உதட்டைப் பிதுக்கிய அத்தை. ராம்குமார் குனிந்த தலை நிமிரவில்லை. காமராஜ் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தவர், அவன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏ, ஃபில்டர் தம்பில்லா இது!"

"என்ன ஃபில்டர்?" என்றாள் பேச்சியம்மாள்.

"வெள்ளிக்கிழமை நம்ம கடையில ரம்பம் பிடிச்சு அறுத்துக்கிட்டு இருந்தாகளே!"

"வெள்ளிக்கிழமையா? ஏலே, ப்ரெஸ் வேலைன்னுல்லா சொல்லிட்டுப் போன! சட்டையில இருந்தது மை இல்லையா அப்ப?"

கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. பேச்சியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காபித் தட்டோடு நின்ற கீர்த்திகாவிடம் திரும்பினாள். "அப்ப ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசிட்டீகளா தாயி?"

"பேசிட்டோம் அத்தை" என்றாள் அவள்.

யாரும் எதிர்பாராத விதமாக, உதட்டைப் பிதுக்கிய அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "அதான் பிள்ளை அத்தைன்னே கூப்பிட்டுருச்சே. இனி என்ன பேச்சு, பூவை எடுங்க."

பூ வைத்து, இனிப்பு கொடுத்து, நாள் பார்க்கிற பேச்சு தொடங்கியது. அந்தச் சந்தடியில் கீர்த்திகா வாசலுக்கு வந்தாள். ராம்குமாரும் பின்னாலேயே வந்தான். பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"சொட்டு ஆயில்கூட ஒழுகல. நீங்க மாட்டுனதா?"

"நான்தான்."

"பரவாயில்லையே." கையை நீட்டினாள். "சாவியைக் கொடுங்க. சத்தம் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

அவன் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். இன்ஜின் ஒரு முனகலும் இல்லாமல் பிடித்துக்கொண்டது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். திருப்தியாகக் கியரைப் போட்டாள். ஜன்னல் வழியாகப் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "ஏலே, எங்கன போறீக?" என்று சத்தம் போட்டாள்.

"இந்தா வந்துருதோம் அத்தை!" என்று கத்திவிட்டுக் கீர்த்திகா வண்டியைத் தெருவில் திருப்பினாள்.