வேலியில் காய்ந்த மயில்கழுத்து

சேவூரை அடுத்த ஒரு சாயப்பட்டறையின் பின்புறம் வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. பட்டறை முதலாளி குமாரவேல் அதைப் பார்த்து அகமகிழ்ந்தார். சாயக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் சிரமம் இனி எதற்கு? எவ்வளவு ஊற்றினாலும் வாய் திறவாமல் விழுங்கும் குழி கிடைத்துவிட்டதே.

குழி விழுங்கியது உண்மை. வாய் திறவாமல் இருந்ததா என்பதுதான் கதை.

இரண்டு தோட்டம் தள்ளி வேலாத்தாளின் கிணறு. ஒருநாள் அவருடைய காங்கேயம் பசு தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. பசுவுக்கும் சோளத்துக்கும் வேலாத்தாளுக்கும் அந்தக் கிணற்றை விட்டால் வேறு கதி இல்லை. அவர் நேரே பட்டறைக்குப் போனார்.

"ஆத்தா, நடுவால கெடக்குறது பூரா கரும்பாறைங்க. கல்லுக்குள்ள தண்ணி நடந்து வருமுங்களா?" என்றார் குமாரவேல்.

"அப்ப என்ற கெணத்துக்கு இத்தன வருசமா தண்ணி எங்கிருந்து கண்ணு வந்துது? லாரியிலயா?"

குமாரவேல் சிரித்து வழியனுப்பி வைத்தார்.

பாறை வெளியே விறைப்பாகத்தான் தோன்றும். உள்ளே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடும். ஒரு வெடிப்புக்குச் சொன்னது அடுத்ததன் காதுக்குப் போகாமல் இராது. வேலாத்தாள் அந்த வம்புக்காரப் பாறையையே துணைக்கு அழைத்தார். பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளைத் துணிகளை வாங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கிணற்றில் ஊறவைத்து, சாலையோர வேலியில் காயப்போட்டார். காதர்பேட்டை பனியன் சந்தை வியாபாரிகள் போய்வரும் சாலை அது.

அந்தச் சமயத்தில் குமாரவேல், தீபாவளிக்கென்று ஒரு மயில்கழுத்து நிறத்தைப் பூட்டிய அறைக்குள் உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சரக்கு சந்தைக்குப் போவதற்குள், அதே நிறத்தில் பனியன்கள் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கின. அவர் சாய மாஸ்டர் ராஜபாண்டியைக் கூப்பிட்டு உலுக்கினார்.

"நான் ஒரு ஆள்ட்டயும் மூச்சு விடல மொதலாளி," என்றார் மதுரைப் பக்கத்துக்காரரான ராஜபாண்டி. "அந்த வேலியப் போய்ப் பாருங்க. ஊரே அதப் பாத்துத்தான் கலர் பிடிக்குது."

குமாரவேல் போய்ப் பார்த்தார். முதலில் சிவப்பு, அடுத்து மஞ்சள், கடைசியில் ஈரம் சொட்டும் மயில்கழுத்து. பட்டறையின் ரகசியம் முழுவதும் வரிசையாகக் காற்றில் ஆடியது.

"ஆத்தா, இதையெல்லாம் கொஞ்சம் உள்ள எடுத்து வையுங்க."

"ஏனுங் கண்ணு? கல்லுக்குள்ளதான் தண்ணி நடந்து வராதே. இது எங்கயோ வானத்துலருந்து வந்த சாயம். யாரு பாத்தா என்ன?"

மறுநாளே குழி கான்கிரீட்டால் அடைபட்டது. கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. ஆனால் பாறை கேட்டதை உடனே மறப்பதில்லை. வெடிப்புகளில் தங்கிய சாயத்தை மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகவே விட்டுக்கொடுத்தது. வேலித் துணி மெல்ல மெல்ல வெளிறியது. அந்த வெளிறலையும் புது நாகரிகம் என்று எண்ணிக் காதர்பேட்டை காப்பியடித்தது. குமாரவேல் நாள்தோறும் காரை நிறுத்தி, துணி வெளுத்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துப் போனார்.

ஒரு காலையில் வேலி வெறுமையாக இருந்தது. அவர் பதறி இறங்கினார்.

"துணி எங்கீங்க ஆத்தா? வெள்ளையா வந்துதுங்களா?"

வேலாத்தாள் தொட்டியைக் காட்டினார். பசு மூக்கு முழுக நின்று உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அதையக் கேளுங்க கண்ணு. குடிச்சு முடிச்சுட்டுச் சொல்லும்."