ஆடியில் முட்டையிட்ட சேவல்

தாயம்மாவின் சேவல் 1943ஆம் வருஷம் ஆடி முதல் தேதி காலை ஏழு மணிக்கு முட்டையிட்டது. நடுத்தரமான முட்டை, ஓடு கொஞ்சம் சிவப்பு. கள்ளிக்குப்பத்தில் அதைப் போய்ப் பார்க்காதவர் இல்லை. நம்பமாட்டேன் என்றவர்கள் அயனம்பாக்கத்துக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் தங்கள் ஏரியில் தண்ணீர் இருப்பதையே கால் நனைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள், அவர்களை விடுங்கள்.

விஷயம் மாசியிலேயே தொடங்கிவிட்டது. தாயம்மாவின் புருஷன் வேம்புலி ஆவடிப் பக்கம் ஒரு பட்டாளத்துக் கிடங்கில் காவல் வேலை பார்த்தான். அவனுக்கு விக்கல் பிடித்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு சாண் மேலே எழும்பி இறங்கினான். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தபடியே எழும்பினான். பத்தாம் நாள் கிடங்குத் துரை, காவல்காரன் என்றால் தரையில் நிற்க வேண்டும், இன்னொரு தடவை இவன் காலுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும் என்று சொல்லிவிட்டான். யுத்தகாலத்தில் அரிசி கிடைத்த லட்சணத்துக்கு அந்த வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த வேலையால்தான். தாயம்மா வயிறெரிய அழுதாள். அழுது முடித்து முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பொன்னியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா, இவுருக்கு விக்கல் நிக்கட்டும். ஆடி கடைசி ஞாயித்துக்கெயமை உனுக்கு ஒரு சாவல் அறுக்கிறேன்" என்றவள், காலடியில் மேய்ந்த கறுப்புக் குஞ்சு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இத்தான்" என்றாள். விக்கல் அந்த நிமிஷமே நின்றது.

அவள் செய்த தப்பு இரண்டு. குஞ்சுக்கு வயது பத்து நாள். சேவலா பொட்டையா என்று பெற்ற கோழிக்கே தெரியாத பருவம். அதைவிடப் பெரிய தப்பு, குஞ்சின் காதில் விழும்படி வேண்டிக்கொண்டது.

காட்டுப்பாக்கத்திலிருந்து கூடையில் குஞ்சு கொண்டுவந்து விற்கும் பூங்காவனம் சேவலா பொட்டையா என்று சொல்வதில் ஒருநாளும் தவறியதில்லை. அவள் வந்து குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்தாள். சிறகு முளைக்கச் சுணங்குகிறது, அதனால் சேவல் என்றாள். ஆறாம் வாரம் கொண்டை சிவந்து, கால் தடித்தது. மூன்றாம் மாதம் கழுத்து இறகு ஊசி ஊசியாக நீண்டது. பொட்டைக்கு நுனி வட்டமாகத்தான் வரும். வாலில் இறகு அரிவாளாக வளைந்தது. ஆனியில் தொண்டை கட்டினாற்போல ஒரு கூவலும் கூவியது. தாயம்மா நிம்மதியாகத் தூங்கினாள். ஆடி பிறந்தது, சேவல் முட்டையிட்டது.

அடுத்த ஏழு நாளில் கொண்டை உள்ளே போய்விட்டது, வால் உதிர்ந்துவிட்டது. தாயம்மா பூங்காவனத்தைக் கையோடு இழுத்து வந்தாள்.

"இன்னாக்கா இது? சாவல்னு சொன்னியே, முட்டை போட்டுகினு கீது!"

பூங்காவனம் அதைத் தூக்கி, திருப்பி, கீழே விட்டாள். "போட்டா இன்னா? சாவல்தான். வேணும்னே போடுது."

வேறு சேவல் வாங்கி அறுக்கலாமென்றால், விரல் நீட்டிக் காட்டி வேண்டியதை மாற்ற முடியாது. பொன்னியம்மனோ ஞாபகசக்தி உள்ளவள். இரண்டாம் ஞாயிறு விக்கல் திரும்பி வந்து, வேம்புலி நான்கு விரற்கடை எழும்பினான். மூன்றாம் ஞாயிறு அரைச் சாண். பூட்ஸில் கல்லைப் போட்டுக்கொண்டு காவல் நின்றான்.

கடைசி ஞாயிறு தாயம்மா கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பக்கத்தில் வேம்புலி முழுச் சாண் எழும்பியபடி நடந்தான். பூசாரி செங்கல்வராயன் கத்தியைத் தீட்டிவிட்டு, பொட்டைக்கோழி ஆத்தாளுக்கு ஆகாது என்றார். அது அவர் பாதத்திலேயே ஒரு முட்டையிட்டு, தான் பொட்டைதான் என்று உறுதிப்படுத்தியது. தாயம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஆத்தா! சாவலோ பொட்டையோ நீயே பாத்துக்கோ. நான் அறுக்கல. உசுரோட உன் ஊட்லயே உட்டுட்டேன். இவுர மட்டும் கீய எறக்கி உடு!"

அறுக்கல என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கொண்டை குபுக்கென்று எழும்பியது, வால் வளைந்தது. சேவல் மதிலேறி அடிவயிற்றிலிருந்து கூவியது. கூவலின் கடைசியில் விக்கியது. விக்கி, ஒரு சாண் எழும்பி இறங்கியது. வேம்புலியின் கால் தரையில் பதிந்தது. தாயம்மா அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோயிலென்றும் பாராமல் ஓவென்று அழுதாள். செங்கல்வராயன் முட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

சேவல் அந்த மதிலிலேயே குடியிருந்தது. ஊர் கூவலுக்கு எழுவதில்லை, விக்கலுக்குத்தான் எழும். சேதி எப்படியோ மற்ற கூடைகளுக்கும் பரவி, அதற்குப் பிறகு கள்ளிக்குப்பத்தில் எந்தக் குஞ்சும் ஆடி முடியும்வரை வாயைத் திறப்பதில்லை. சேவலா பொட்டையா என்று கேட்டால் பூங்காவனம், "ஆடி போவட்டும், சொல்றேன்" என்பாள். வேம்புலி தினமும் வேலைக்குப் போகையில் மதிலருகே நின்று ஒரு சல்யூட் வைப்பான். சேவல் ஒரு சாண் எழும்பி இறங்கும். அவன் ஆவடிக்கு நடப்பான்.